சி நிரல் கம்பைல் ஆகவில்லையா, ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

"எரர் வருது" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. என்ன எரர் என்பதற்கும் முன்னால் தெரிய வேண்டியது, அதைச் சொல்வது யார் என்பது. "கம்பைல் பண்ணி ரன் பண்றது" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் வேலையை ஐந்தாறு பேர் பங்கு போட்டுச் செய்கிறார்கள். நாம் டெர்மினலில் தட்டும் கட்டளையை முதலில் வாங்குவது ஷெல். அடுத்து வரும் ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பு ஒரு மேஸ்திரி மாதிரி. ப்ரீபிராசசர், கம்பைலர், அசெம்பிளர், லிங்கர் என்று ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டு வேலை வாங்கும். ஓடக்கூடிய கோப்பு தயாரானதும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளோடு (ஏற்கெனவே எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்புகள்) சேர்த்து நினைவகத்தில் ஏற்றுவது லோடர். அதற்கு அப்புறம்தான் உங்கள் நிரலின் முறை.

பிழையைச் சொல்லும் ஒவ்வொருவரும் வரியின் தொடக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "பேஷ்:" என்று தொடங்கினால் ஷெல் பேசுகிறது, கம்பைலருக்கு இன்னும் விஷயமே போய்ச் சேரவில்லை. கோப்பின் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று வரிசையாக வந்தால் கம்பைலர். "எல்டி" அல்லது "கலெக்ட்2" என்று எங்காவது கண்ணில் பட்டால் லிங்கர். நிரலின் பெயரே முன்னால் வந்து லைப்ரரி பற்றிய புகார் தொடர்ந்தால் லோடர். யார் என்று தெரிந்தாலே பாதி இடங்களில் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் லினக்ஸில் ஜிசிசியை வைத்து எழுதியவை. விண்டோஸில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். உதாரண நிரலின் கோப்பு வட்டி.சி. அதைக் கம்பைல் செய்யும் கட்டளை:

ஜிசிசி -ஜி -வால் வட்டி.சி -ஓ வட்டி

இதில் "-வால்" என்பதன் முதல் எழுத்தான டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. வழக்கமான வார்னிங்குகளைக் காட்டச் சொல்வது அதுதான். கீழே வரும் பிழைகளில் பலவற்றை அது முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதால் அது இல்லாமல் கம்பைல் செய்யவே கூடாது என்பது என் கருத்து. "-ஜி" போட்டால்தான் பிறகு பிழை எந்த வரியில் என்று தேட முடியும். "-ஓ" சிறிய எழுத்து. அதற்கு அடுத்து வருவது உருவாகப் போகும் கோப்பின் பெயர். அந்த இடத்தில் அவசரத்தில் இன்னொரு சி கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டால், எழுதி வைத்த நிரலே அழிந்து போகலாம். பெரிய எழுத்து ஓ வேறு விஷயம், நிரலை வேகப்படுத்தச் சொல்வது.

## "ஜிசிசி: கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

பேசுவது ஷெல். கம்பைலர் கணினியில் இல்லை, அல்லது இருக்கும் இடம் ஷெல்லுக்குத் தெரியவில்லை. உபுண்டு, டெபியன் வகையில் "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்" என்று தட்டினால் கம்பைலர், லிங்கர், ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஹெடர் கோப்புகள் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். மேக் கணினியில் "எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்". அங்கே ஜிசிசி என்று கூப்பிட்டாலும் வருவது கிளாங் என்ற வேறொரு கம்பைலர். பிழைச் செய்தியின் வாசகம் கொஞ்சம் மாறுமே தவிர, இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

விண்டோஸில் இதே புகார் "நாட் ரெகக்னைஸ்டு" என்று வரும். பலர் விஎஸ் கோடு நிறுவிவிட்டால் கம்பைலரும் கூடவே வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது எடிட்டர் மட்டும்தான். எம்சிஸ்2 என்ற தொகுப்பு வழியாக மிங்டபிள்யூ-டபிள்யூ64 (விண்டோஸுக்கான ஜிசிசி) நிறுவி, ஜிசிசி இருக்கும் "பின்" ஃபோல்டரை பாத் பட்டியலில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அதே புகார் வந்தால், திறந்திருக்கும் டெர்மினலையும் எடிட்டரையும் மூடிவிட்டு மறுபடி திறங்கள். ஏற்கெனவே திறந்திருந்தவற்றுக்குப் புதிய பாத் தெரியாது.

## "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

ஒரே வாசகத்தை மூன்று பேர் சொல்வார்கள். முன்னால் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது.

ஜிசிசியே சொன்னால், நீங்கள் கொடுத்த சி கோப்பு அந்த ஃபோல்டரில் இல்லை. "எல்எஸ்" தட்டிப் பாருங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கோப்பின் கடைசியில் வரும் "சி" பெரிய எழுத்தாக இருந்தால் ஜிசிசி அதை சி++ என்று எடுத்துக்கொள்ளும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். விண்டோஸில் நோட்பேடில் சேமித்திருந்தால் உண்மையான பெயர் வட்டி.சி.டிஎக்ஸ்டி என்று இருக்கக்கூடும். எக்ஸ்ப்ளோரர் வழக்கமாகக் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது.

வரி எண்ணோடு வந்து, கூடவே ஒரு ஹெடர் கோப்பின் பெயரும் இருந்தால் ப்ரீபிராசசர் பேசுகிறது. எஸ்டிடிஐஓ.ஹெச் இல்லை என்றால், கம்பைலர் வந்திருக்கிறது, ஹெடர்கள் வரவில்லை. மேலே சொன்ன பில்ட்-எசென்ஷியல் தீர்க்கும். நீங்களே எழுதிய ஹெடர் என்றால் கோண அடைப்புக்குப் பதில் இரட்டை மேற்கோளில் போடுங்கள். அது வேறு ஃபோல்டரில் இருந்தால் "-ஐ" என்ற பெரிய எழுத்துக்குப் பின்னால் ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள்.

கோனியோ.ஹெச் இல்லை என்று வந்தால் அந்த நிரல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். 1987இல் போர்லாண்ட் வெளியிட்ட டர்போ சி டாஸ் காலத்துக் கருவி. டாஸ் போன பிறகும் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் அது நெடுநாள் இருந்தது, அதற்காக எழுதிய நோட்ஸ் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஹெடரை நீக்குங்கள், கிளியர்ஸ்கிரீன் செய்யும் வரியையும் கடைசியில் காத்திருக்கும் கெட்ச் வரியையும் எடுத்துவிடுங்கள், "வாய்டு மெயின்" என்பதை "இன்ட் மெயின்" ஆக்குங்கள். கிராஃபிக்ஸ்.ஹெச் வைத்து வட்டமும் கோடும் வரையும் நிரல் என்றால் அதை நேராக மாற்ற வழியில்லை, வேறு லைப்ரரிக்குத் திருத்தி எழுத வேண்டியதுதான்.

மூன்றாவது, ஓட்டும்போது ஷெல் சொல்வது. கம்பைல் தோற்றுப்போய் கோப்பே உருவாகாமல் இருக்கலாம், அல்லது "-ஓ" கொடுக்க மறந்து ஏ.அவுட் என்ற பெயரில் உருவாகியிருக்கலாம். கோப்பு கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று சாதிக்கிறதா? 32 பிட் நிரலை 64 பிட் லினக்ஸில் ஓட்டும்போது அப்படி நடக்கும். அங்கே இல்லாமல் போனது உங்கள் கோப்பு அல்ல, அதை ஏற்ற வேண்டிய 32 பிட் லோடர். பழைய பேஷ் பதிப்புகளின் செய்தி அதைச் சொல்வதில்லை; எழுதியவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

## திரை நிறைய எரர் கொட்டுகிறது

மேலே போய் முதல் எரரை மட்டும் படியுங்கள். அதைச் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றில் பாதிக்கு மேல் தானாக மறைந்துவிடும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் கம்பைலர் தப்பாகப் புரிந்துகொள்ளும். கடைசி எரரிலிருந்து மேல்நோக்கித் திருத்திக்கொண்டு வருகிறவர்கள் சரியாக இருந்த வரிகளையும் கெடுத்துவிடுவார்கள். கட்டளையில் "-எஃப்மேக்ஸ்-எரர்ஸ்=1" சேர்த்தால் முதல் எரரோடு நின்றுவிடும்.

காட்டும் வரியில் தப்பே இல்லை என்று தோன்றினால் முந்தைய வரியைப் பாருங்கள். அங்கே அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கும். கோப்பின் கடைசி வரியைக் காட்டி "அட் எண்ட் ஆஃப் இன்புட்" என்றால் எங்கோ திறந்த நெளிவு அடைப்பு மூடப்படவில்லை. உங்கள் ஹெடரில் ஸ்ட்ரக்ட் முடிந்த இடத்தில் அரைப்புள்ளி இல்லையென்றால், எரர் அதற்கடுத்து வரும் வேறொரு கோப்பில் தெரியும். குழம்ப வைப்பதில் இதற்கு நிகர் இல்லை.

"ஸ்ட்ரே \342" என்று எண்களோடு வந்தால், நிரலை வேர்டிலிருந்தோ பிடிஎஃபிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டியிருக்கிறீர்கள். நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிட்டன. சில பதிப்புகளில் "எக்ஸ்டெண்டட் கேரக்டர்" என்று புகார் வரும். அந்தக் குறிகளை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். \302 என்று வந்தால் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக வேறு வகை இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. \340 என்று வந்தால் அனேகமாகத் தமிழ் எழுத்து ஒன்று மேற்கோளுக்கு வெளியே விழுந்திருக்கிறது. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகள் எல்லாம் அந்த பைட்டில்தான் தொடங்கும். விசைப்பலகை தமிழிலேயே இருந்ததை மறந்து தட்டியிருப்பீர்கள். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம் என்பதால், புதிய பதிப்பில் இந்தச் செய்தி வராமல் வேறு ஏதாவது வரக்கூடும்.

## "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்"

நேற்று வரை வெறும் வார்னிங்கோடு கம்பைல் ஆன பழைய நிரல், கணினியைப் புதுப்பித்த பிறகு எரர் கொடுக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடும் வழக்கத்தை 1999ஆம் ஆண்டின் சி தரமே நீக்கிவிட்டது. ஜிசிசி மட்டும் வார்னிங்கோடு விட்டுக்கொடுத்து வந்தது. 2024இல் வந்த ஜிசிசி 14 அதை எரராக்கிவிட்டது.

பெரும்பாலும் ஹெடர் ஒன்றைச் சேர்த்தால் முடிந்தது. நினைவகம் ஒதுக்கும் மாலாக்குக்கு எஸ்டிடிலிப்.ஹெச், ஸ்ட்ரிங் வேலைகளுக்கு ஸ்ட்ரிங்.ஹெச், வர்க்கமூலத்துக்கு மேத்.ஹெச். ஃபங்ஷன் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதே செய்திதான் வரும். நீங்கள் எழுதிய ஃபங்ஷன் மெயினுக்குக் கீழே இருந்தால் மேலே ஒரு வரி அறிவிப்புப் போடுங்கள்.

"-எஸ்டிடி=ஜிஎன்யூ89" என்று கொடுத்தால் பழையபடி விட்டுவிடும். வேண்டாம். அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் மதிப்பைத் தருவதாகக் கம்பைலர் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அது தருவது 64 பிட் முகவரியாக இருக்கலாம். அதில் பாதி வெட்டுப்பட்டுப் போய், கம்பைல் ஆன நிரல் ஓடும்போது விழுந்து சாகும்.

## "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்"

இங்கே பேசுவது லிங்கர். கம்பைலர் வேலையை முடித்துவிட்டது, இலக்கணப்படி உங்கள் நிரல் சரி. ஒரு ஃபங்ஷனின் பெயர் இருக்கிறது, உடலைக் காணவில்லை. ஆகவே அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசியில் வரும் "எல்டி ரிட்டர்ன்டு 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்" என்பது பிழையல்ல, பிழை நடந்தது என்ற தகவல். விஷயம் அதற்கு மேலே உள்ள வரிகளில்.

வர்க்கமூலம், அடுக்கு, சைன் போன்றவை காணவில்லை என்றால் கட்டளையின் கடைசியில் "-எல்எம்" சேருங்கள். ஹெடரைச் சேர்த்துவிட்டோமே என்று கேட்பார்கள். ஹெடரில் இருப்பது அறிவிப்பு மட்டும், செய்முறை கணித லைப்ரரியில் தனியாக இருக்கிறது. "கடைசியில்" என்பதும் முக்கியம். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. லைப்ரரியை முன்னால் கொடுத்தால், அந்த நேரத்தில் யாரும் எதையும் கேட்காததால் அதைத் தாண்டிப் போய்விடும். நண்பருடைய நிரல் "-எல்எம்" இல்லாமலே ஓடுகிறதே என்றால், அவர் 2.0 போன்ற நிலையான எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டிருப்பார். அதைக் கம்பைலரே கணக்கிட்டு விடையை எழுதிவிடுகிறது, லைப்ரரி தேவைப்படுவதே இல்லை.

நீங்களே எழுதிய ஃபங்ஷன் காணவில்லை என்றால் அது இருக்கும் கோப்பைக் கட்டளையில் சேர்க்க மறந்திருப்பீர்கள். "மெயின்" காணவில்லை என்றால் எழுத்துப்பிழை, அல்லது எடிட்டரில் சேமிக்காமல் வெற்றுக் கோப்பைக் கம்பைல் செய்திருக்கிறீர்கள். "எஸ்டிடி::சிஅவுட்" காணவில்லை என்றால் சி++ நிரலை ஜிசிசியிடம் கொடுத்திருக்கிறீர்கள், ஜி++ என்று கூப்பிடுங்கள்.

இதற்கு நேர் எதிரானது "மல்டிபிள் டெஃபினிஷன்". ஹெடரில் ஒரு பொது மாறியை உருவாக்கி, அந்த ஹெடரை இரண்டு கோப்புகளில் சேர்த்தால் வரும். ஜிசிசி 10க்கு முன்னால் மதிப்புக் கொடுக்காத மாறிகளைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஹெடரில் "எக்ஸ்டர்ன்" போட்டு, மாறியை ஏதாவது ஒரே ஒரு சி கோப்பில் உருவாக்குங்கள்.

விண்டோஸில் லிங்கர் "பெர்மிஷன் டினைடு" என்று சொன்னால், பழைய நிரல் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் கோப்பின் மேல் எழுத விண்டோஸ் விடாது. டாஸ்க் மேனேஜரில் தேடி மூடுங்கள்.

## கம்பைல் ஆச்சு, ஓட மறுக்கிறது

லினக்ஸில் வெறுமனே "வட்டி" என்று தட்டினால் ஷெல் தேடாது. நீங்கள் நிற்கும் ஃபோல்டர் பாத் பட்டியலில் இல்லை என்பதால் "./வட்டி" என்று தட்ட வேண்டும். நிரலுக்கு "டெஸ்ட்" என்று பெயர் வைத்துவிட்டு, எரரும் இல்லை விடையும் இல்லை என்று திகைப்பவர்கள் உண்டு. டெஸ்ட் என்பது ஷெல்லின் சொந்தக் கட்டளை. அது ஓடி, எதையும் அச்சிடாமல் முடிந்துவிடுகிறது.

ஓட்டும்போது "பெர்மிஷன் டினைடு" வந்தால், பென் டிரைவில் வைத்து ஓட்டப் பார்க்கிறீர்களா என்று பாருங்கள். நிரல்களை ஓட்டவிடாதபடி அது இணைக்கப்பட்டிருக்கலாம். ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து முயலுங்கள். "-சி" போட்டு உருவாக்கிய ஆப்ஜெக்ட் கோப்பை ஓட்டினாலும் இதுதான் வரும். சிஎச்மோடு தட்டி அனுமதி கொடுத்தால் அடுத்து "எக்ஸெக் ஃபார்மட் எரர்" வரும், ஏனென்றால் அது லிங்க் ஆகாத பாதிக் கோப்பு. ராஸ்பெரி பையில் கம்பைல் செய்ததை இன்டெல் கணினிக்கு எடுத்து வந்தாலும் இதே செய்தி.

## மாற்றி எழுதியும் பழைய விடையே வருகிறது

சேமிக்கவில்லை, அல்லது புதிய கம்பைல் தோற்றுப்போய் பழைய கோப்பு அப்படியே கிடக்கிறது, அல்லது உருவாக்குவது ஏ.அவுட், ஓட்டுவது ./வட்டி. கம்பைல் கட்டளைக்கும் ஓட்டும் கட்டளைக்கும் நடுவில் && போட்டு ஒரே வரியாகத் தட்டினால் கம்பைல் தோற்றபோது ஓட்டும் வேலை நடக்காது. மேலே அம்புக்குறி விசையைத் தட்டினால் அதே வரி திரும்பக் கிடைக்கும்.

## "செக்மென்டேஷன் ஃபால்ட்"

நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டுவிட்டது, கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 11ஆம் எண் சிக்னலை அனுப்பிக் கொன்றுவிட்டது. உடனே "எக்கோ $?" தட்டினால் 139 வரும்: 128 கூட்டல் 11. விண்டோஸில் பல நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடும். கோட்பிளாக்ஸ் மாதிரி கருவிகள் -1073741819 என்று ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணின் பொருளும் இதுதான்.

புதிதாக எழுதுகிறவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேன்எஃப். மாறிக்கு முன்னால் & இல்லையென்றால், மாறியில் கிடக்கும் குப்பை எண்ணை முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே எழுதப் போகும். "-வால்" போட்டிருந்தால் கம்பைல் நேரத்திலேயே இதைச் சொல்லியிருக்கும். அடுத்தது ஃபைல் திறப்பது. எஃப்ஓபன் கோப்பைக் காணாமல் நல் (வெற்று முகவரி) திருப்பியதைப் பார்க்காமல் படிக்கத் தொடங்கினால் அங்கேயே விழும். நிரலில் தப்பு இல்லை, டேட்டா கோப்பு வேறு ஃபோல்டரில் இருக்கிறது என்பதே பல நேரம் உண்மை. பத்து இடம் உள்ள அர்ரேயில் 10ஆம் எண்ணைத் தொடுவது, மேற்கோளுக்குள் எழுதிய சரத்தை பாயின்டர் வழியாக மாற்றப் பார்ப்பது, விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது ஆகியவை அடுத்த சந்தேகங்கள்.

மெயினின் முதல் வரியைக்கூடத் தாண்டாமல் விழுகிறதா? பெரிய அர்ரே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் மாறிகள் ஸ்டாக்கில் இடம் பிடிக்கின்றன. லினக்ஸில் அதற்கு வழக்கமான வரம்பு 8 எம்பி. 1500க்கு 1500 இன்ட் அர்ரேக்கு 90 லட்சம் பைட் வேண்டும், அதற்குள் அடங்காது. விண்டோஸில் வழக்கமான வரம்பு இன்னும் குறைவு, 800க்கு 800 என்றாலே தாண்டிவிடும். ஃபங்ஷனுக்கு வெளியே எடுத்துப் போடுங்கள் அல்லது மாலாக் பயன்படுத்துங்கள். தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷனுக்கு நிற்கும் நிபந்தனை இல்லையென்றாலும் ஸ்டாக் தீர்ந்து இதே முடிவுதான்.

எந்த வரியில் விழுகிறது என்று தெரிய நடுநடுவே பிரிண்ட்எஃப் போடுவது எல்லோரும் செய்வது. ஏமாற்றும் முறை அது. அச்சிட்டவை உடனே திரைக்குப் போகாமல் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் காத்திருக்கலாம். நிரல் செத்தால் அவையும் போய்விடும். ஐந்தாவது பிரிண்ட்எஃப் வரை ஓடியிருந்தும் இரண்டுதான் தெரியலாம். நீங்கள் தவறான இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். போட்டே தீர வேண்டும் என்றால் எஸ்டிடிஎர்ருக்கு அச்சிடுங்கள், அது காத்திருக்காது.

இதைவிட நல்ல வழி, "-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்" சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டுவது. எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த அர்ரேயை எத்தனை பைட் தாண்டியது என்பது வரை சொல்லும். விண்டோஸின் மிங்டபிள்யூ ஜிசிசியில் இது கிடைக்காது. அங்கே ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி: "ஜிடிபி வட்டி" என்று திறந்து, "ரன்" தட்டி, விழுந்ததும் "பிடி" தட்டினால் எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்று வரிசையாகக் காட்டும். நினைவகப் பிழைகளைத் தேடும் வேல்கிரைண்ட் பழக்கமானவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் சானிடைசரோடு கம்பைல் செய்த கோப்பை அதில் ஓட்டக் கூடாது, இரண்டும் ஒத்துப்போகாது.

"நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் சரியாகிவிடுகிறது, எடுத்தால் விழுகிறது" என்றாலும், சாதாரணமாக ஓடுவது "-ஓ2" (பெரிய எழுத்து ஓ) கொடுத்தால் கெட்டுப்போகிறது என்றாலும் கம்பைலர் மேல் பழி போடாதீர்கள். மதிப்புக் கொடுக்காத மாறியோ எல்லை தாண்டிய அர்ரேயோ உள்ளே இருக்கிறது. இதுவரை சரியாக ஓடியதுதான் தற்செயல்.

## ஓடுகிறது, விடை தப்பு

வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அசல் 10,000, வட்டி 8 சதவீதம். 8ஐ 100ஆல் வகுத்து 10,000ஆல் பெருக்கினால் விடை 0. இரண்டும் முழு எண் என்பதால் 8/100 என்பது 0. முதலில் பெருக்கி அப்புறம் வகுத்தால் 800 வரும், ஆனால் தொகை பெரிதானால் வேறு சிக்கல். 3 கோடி ரூபாய்க்கு 8 சதவீதத்தில் 10 வருடம் என்றால் நடுவில் 240 கோடி வரும். இன்ட் தாங்குவது 214,74,83,647 வரைதான், அதற்கு மேல் போனால் மைனஸில்கூட விடை வரலாம். டர்போ சியில் இன்ட் 16 பிட், உச்சம் 32,767. அங்கே 10,000க்கான கணக்கே 144 என்று வந்து நிற்கும். பழைய நோட்ஸில் உள்ள விடையும் உங்கள் விடையும் பொருந்தாமல் போக இதுவும் ஒரு காரணம். டபுள் பயன்படுத்துங்கள், 100.0 என்று எழுதுங்கள். டபுளை ஸ்கேன்எஃபில் வாங்கும்போது "%எல்எஃப்", வெறும் "%எஃப்" அல்ல.

எண் கேட்ட பிறகு ஒரு எழுத்து கேட்கும் இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகிறதா? எண்ணுக்குப் பிறகு தட்டிய என்டர் உள்ளீட்டில் மிச்சம் இருக்கிறது, "%சி" அதை எழுத்தாக எடுத்துக்கொண்டது. "%சி"க்கு முன்னால் ஒரு இடைவெளி விடுங்கள், சரியாகிவிடும். எண் கேட்கும் இடத்தில் யாரோ எழுத்தைத் தட்டியதும் திரை நிற்காமல் ஓடினால், அந்த எழுத்தை யாரும் எடுக்கவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்கேன்எஃப் அதையே பார்த்துத் திரும்புகிறது. ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிக்கையைச் சோதிக்க வேண்டும். என்னைக் கேட்டால் மனிதர்கள் தட்டுவதை வாங்க ஸ்கேன்எஃபே வேண்டாம். எஃப்கெட்ஸில் முழு வரியையும் வாங்கி, எஸ்ஸ்கேன்எஃபில் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு தடவை கேட்க வேண்டியதை இரண்டு தடவை தட்டினால்தான் நகர்கிறது என்றால் ஸ்கேன்எஃப் மேற்கோளுக்குள் "%டி"க்குப் பின்னால் \என் போட்டிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள்.

## தமிழில் அச்சிட்டால் குப்பை வருகிறது

லினக்ஸில் பெரும்பாலும் தானாக வேலை செய்யும். விண்டோஸ் கன்சோலில் முதலில் "சிஎச்சிபி 65001" தட்டுங்கள், சி கோப்பு யுடிஎஃப்-8இல் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் கட்டமாகவோ கொம்பு தனியாகவோ தெரிந்தால், விடையை > போட்டு ஒரு கோப்புக்கு அனுப்பி எடிட்டரில் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காகத் தெரிந்தால் நிரலில் குறையில்லை, எழுத்துருவும் கன்சோலும்தான் காரணம்.

நீளம் தப்பாக வருவது வேறு கதை. "அம்மா" என்பதற்கு ஸ்ட்ரிங் நீளம் 15 என்று வரும். அகரம், இரண்டு மகரம், ஒரு புள்ளி, ஒரு துணைக்கால் என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். "கண்ணன்" என்ற பெயருக்கு 18 பைட், முடிவுக்கு ஒன்று சேர்த்து 19. பெயருக்கு 10 இடம் ஒதுக்கியிருந்தால் அர்ரேயைத் தாண்டி எழுதும். அகலம் கொடுத்து அச்சிடும்போது பத்திகள் கோணலாவதற்கும் இதுவே காரணம், பிரிண்ட்எஃப் பைட்டைத்தான் எண்ணுகிறது. சரத்தைத் திருப்பிப் போடும் பயிற்சி நிரலைத் தமிழுக்கு ஓட்டினால் பைட்டுகள் தலைகீழாகி எதுவுமே தெரியாது.

## என் கணினியில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை

பேசுவது லோடர். "கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட்" என்றால் நிரலுக்கு வேண்டிய லைப்ரரி அங்கே இல்லை. "எல்டிடி ./வட்டி" தட்டினால் எது கிடைக்கவில்லை என்று காட்டும். நீங்களே அந்த லைப்ரரியை நிறுவியிருந்தால் "சுடோ எல்டிகான்ஃபிக்" ஒரு முறை தட்டிப் பாருங்கள். லோடர் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும்.

"ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்றால் புதிய கணினியில் கம்பைல் செய்து பழைய கணினிக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். ஜிலிப்சி என்பது லினக்ஸில் சி நிரல்களுக்கான அடிப்படை லைப்ரரி. உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04இல் 2.31. பழையதில் கம்பைல் செய்தால் புதியதில் ஓடும், தலைகீழாக ஓடும் என்று நம்ப முடியாது. ஜிலிப்சியை மட்டும் தனியாக இறக்கிப் பழைய கணினியில் மாற்றப் போகாதீர்கள், கணினியே எழாமல் போகலாம். அந்தக் கணினியிலேயே கம்பைல் செய்யுங்கள், முடியாவிட்டால் "-ஸ்டாட்டிக்" கொடுத்து லைப்ரரியையும் கோப்புக்குள்ளேயே கட்டிவிடுங்கள். விண்டோஸில் ஏதோ டிஎல்எல் காணவில்லை என்று பெட்டி திறந்தாலும் பெரும்பாலும் அதே "-ஸ்டாட்டிக்" போதும். கோப்பு பெரிதாகும், அவ்வளவுதான்.